திருத்த முடியாத தீர்ப்பு

நம் சங்க மலருக்கு நான் எழுதுவது இது மூன்றாவது தடவை. ரயில்வே காலனியில் நாங்கள் கொண்டாடிய பொங்கலைப் பற்றியும், நாகர்கோவிலிலிருந்து ஹௌரா வரை அந்தக் காலத்தில் மூன்று வண்டி மாறி வந்த கதையையும் முன்பு எழுதியிருந்தேன். படித்துவிட்டுப் பல அன்பர்கள் பாராட்டினார்கள். இம்முறை எழுதப் போவது அப்படிச் சிரித்துப் படிக்கும் விஷயம் அல்ல. தூக்குத் தண்டனையைப் பற்றி. நான் வக்கீலும் அல்ல, நீதி நூல்களைக் கரைத்துக் குடித்தவனும் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளமா வாங்கி, ரயில்வே சிக்னல் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் என் மனத்தில் நெடுநாளாகக் கிடக்கும் ஒரு கையெழுத்தைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

2024 ஆகஸ்டு 14-ஆம் தேதி இரவு. நம் கொல்கத்தா நகரமே தெருவில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஐந்து நாள் முன்பு, இரவுப் பணியில் இருந்த ஓர் இளம் பெண் மருத்துவர் அவர் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே கொடூரமாகக் கொல்லப்பட்டிருந்தார். வங்கியில் வேலை பார்க்கும் என் மகளும் தன் தோழிகளோடு நடுநிசி ஊர்வலத்துக்குப் போனாள். நானும் என் மனைவியும் தூங்காமல் காத்திருந்தோம். மூன்று மணிக்குத் தொண்டை கட்டிப்போய் வீடு வந்தாள். கையில் ஓர் அட்டை. அதில் வங்காளத்தில் ‘ஃபான்ஷி சாய்’ என்று எழுதியிருந்தது. தூக்கு வேண்டும் என்று அர்த்தம்.

என் மனைவி காப்பி போட்டுக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு மகள் சொன்னாள்: “இவனையெல்லாம் உயிரோட வச்சுக்கிட்டு என்னப்பா கேஸு? ஒரு மாசத்துல தூக்குல போடணும்.”

நான் பேசாமல் இருந்தேன்.

“ஏன் பேசாம இருக்கீங்க? 2004-ல நீங்களும்தானே கையெழுத்துப் போட்டீங்க? நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்?”

உண்மைதான். போட்டேன். தனஞ்சய் சாட்டர்ஜியைத் தூக்கிலிட்டதும் ஓர் ஆகஸ்டு 14-ஆம் தேதியில்தான். அவள் ஊர்வலத்துக்குக் கிளம்பிய அன்று காலையோடு அதற்குச் சரியாக 20 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

பழைய அன்பர்களுக்கு அந்த வழக்கு தெரிந்திருக்கும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 மார்ச் 5-ஆம் தேதி, பவானிப்பூரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் 18 வயது மாணவி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டாள். அந்தக் கட்டடத்தின் காவலாளி தனஞ்சய். பாங்குடா மாவட்டத்துக் கிராமத்துக்காரர். நேரில் பார்த்த சாட்சி கிடையாது. சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்து 1991-இல் அலிப்பூர் செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும், 1994 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. கருணை மனுவும் தள்ளுபடி ஆனது. பிறகு ஓர் இடைக்காலத் தடை. அந்தத் தடையைப் பற்றி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் யாரும் கேட்கவில்லை. கோப்பு தூங்கியது, மனிதர் சிறையில் தினமும் விழித்துக்கொண்டிருந்தார். 2003-இல் கோப்பு விழித்தது. 2004 ஆகஸ்டு 14 விடியற்காலை நாலரை மணிக்கு அலிப்பூர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். தாம் குற்றமற்றவர் என்று கடைசி வரை சொன்னார். 14 ஆண்டு சிறையில் இருந்த பிறகு தூக்கு. ஆயுள் தண்டனையும் மரண தண்டனையும் ஒரே ஆளுக்கு, ஒரே குற்றத்துக்கு.

அந்த ஜூன், ஜூலை மாதங்களில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு நண்பர், தூக்கை நிறுத்தக் கூடாது என்று மனு எழுதி வீடு வீடாகக் கொண்டு வந்தார். என் மகளுக்கு அப்போது 16 வயது. இறந்த பெண்ணைவிட இரண்டு வயதுதான் குறைவு. அவளைப் பார்த்தேன், பேனாவை எடுத்தேன். பெயருக்குக் கீழே என் பதவியையும் எழுதினேன். ஒரு தகப்பனாக அது சரியென்றே பட்டது. இன்றைக்கும் அந்தக் கோபம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். கோபம் சரி, அந்தக் கோபத்தில் நான் கேட்டது சரியா என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஆகஸ்டு 15. காலனியில் கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்தார்கள். வேப்பமரத்தடியில் சின்னப் பையன்கள் கூடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்ன விளையாட்டு என்று பார்த்தேன். ஒரு துணிப் பொம்மையின் கழுத்தில் ஸ்கிப்பிங் கயிறு. ஒருவன் நீதிபதி, ஒருவன் போலீஸ், ஒருவன் நாட்டா மல்லிக். நாட்டா மல்லிக் என்பது தனஞ்சயைத் தூக்கிலிட்டவரின் பெயர். எண்பது வயதைத் தாண்டியவர். பரம்பரையாக அந்த வேலை. கயிற்றுக்கு என்னென்ன தடவுவார், முடிச்சை எப்படிப் போடுவார் என்றெல்லாம் பல நாட்களாகத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஏழு வயதுப் பையனுக்கு அவர் பெயர் மனப்பாடம். பையன்களை விரட்டிவிட்டேன். ஆனால் அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன், என் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அன்றைக்கு வாங்கிய மிட்டாயை நான் தின்னவில்லை.

இனி என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். சிக்னல் பிரிவில் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு. எந்தக் கருவியும் ஒரு நாள் பழுதாகும். பழுதாகாத கருவி செய்ய யாராலும் முடியாது. ஆகையால், பழுதானால் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாகும்படி அதைச் செய்ய வேண்டும். பழைய கை சிக்னலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இழுக்கும் கம்பி அறுந்தால் கை தானாகவே ‘நில்’ என்ற நிலைக்கு வந்துவிடும். இப்போதைய மின்சார முறையிலும் அப்படித்தான். தண்டவாளம் முறிந்தால், மின்சாரம் நின்றால், ரிலே கீழே விழும், சிவப்பு எரியும். ரயில் தாமதமாகும். பயணிகள் எங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டுகிறார்கள். இதை நாங்கள் ‘ரைட் சைடு ஃபெயிலியர்’ என்போம். சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்தால் அது ‘ராங் சைடு ஃபெயிலியர்’. அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் பிரிவில் பெரிய அதிகாரி முதல் கலாசி வரை எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அப்படிப்பட்ட பிரிவில் இருந்த நானே ஒரு தீர்ப்பில் தவறினேன். இதை இதுவரை வெளியில் சொன்னதில்லை.

1996-இல் மழைக்காலம். ஒரு சிறிய ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், சரக்கு வண்டியின் இரண்டு வேகன்கள் பாயிண்ட்டில் தடம் புரண்டன. உயிர்ச் சேதம் இல்லை. விசாரித்து அறிக்கை தந்தவர்களில் நானும் ஒருவன். பாயிண்ட் சரியாகப் பொருந்தாமலே, பொருந்திவிட்டதாகப் பேனலில் காட்டியிருக்கிறது. அதைப் பராமரித்த மெயின்டெய்னர், 5 மி.மீ. தகட்டை வைத்து முறைப்படி சோதித்ததாக ரெஜிஸ்டரில் எழுதியிருந்தார். நாங்கள் நம்பவில்லை. குடிப்பவர் என்று அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சோதிக்காமலே எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினோம். அறிக்கையின் அந்தப் பகுதியை எழுதியவன் நான். ஆங்கிலத்தில் நன்றாக எழுதிவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு. அவர் வேலை போயிற்று.

பதினான்கு மாதம் கழித்து, அடுத்த மழையில், அதே பாயிண்ட். இப்போது வேறு மெயின்டெய்னர். குடிக்காதவர். மறுபடியும் பொருந்தாத பாயிண்ட் பொருந்தியதாகக் காட்டியது. நல்ல வேளை, வண்டி வருமுன் ஒருவர் கண்ணில் பட்டது. கேபிளைத் தோண்டி எடுத்துப் பார்த்தோம். மேலுறை நைந்துபோய், ஈரத்தில் ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மின்சாரம் கசிந்து, பொய்யான தகவல் கொடுத்திருக்கிறது. முதல் மெயின்டெய்னர் ரெஜிஸ்டரில் எழுதியது உண்மை.

அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். சம்பள பாக்கியும் கிடைத்தது. கிடைக்காதது ஒன்று: அதற்குள் அவருடைய மகன் படிப்பை நிறுத்திவிட்டு டீக்கடையில் கிளாஸ் கழுவப் போயிருந்தான். நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்காரச் சொன்னார். பிறகு, “சார், நான் ரெஜிஸ்டரில் எழுதியது நிஜம் என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பையனிடம் காட்ட வேண்டும்” என்றார். அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நான் சொல்ல வந்த விஷயம் இவ்வளவுதான். அவர் உயிரோடு இருந்தார். அதனால்தான் அந்த ஒரு வரியை என்னால் எழுத முடிந்தது. ஒரு வேகன் தடம் புரண்ட கேஸிலேயே, தொழில் தெரிந்தவர்கள், யார் மேலும் விரோதம் இல்லாதவர்கள், இப்படித் தவறினோம். ஊரே கொதித்துக்கொண்டிருக்கும் ஒரு கொலை வழக்கில், போலீஸ், சாட்சி, வக்கீல், நீதிபதி என்று இத்தனை மனிதர்கள் வழியாக வரும் ஒரு முடிவு எப்போதும் தவறாது என்று நாம் எந்தத் தைரியத்தில் நம்புகிறோம்?

இது கற்பனை பயம் அல்ல. ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் சில தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். இரண்டை மட்டும் சொல்கிறேன்.

உத்தரப் பிரதேசத்தில் நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தைக் கொன்றதாக ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்கு 1975-இல் பிலிபித் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. ஒரே குற்றம், மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. ஆனால் மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றம் போனார்கள். ஜீதா சிங்கின் மனு 1976-இல் தள்ளுபடி. வேறு நீதிபதிகள் முன் வந்த கஷ்மீரா சிங்கின் தண்டனை 1977-இல் ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனுவும் தள்ளுபடி. 1981 அக்டோபர் 6-ஆம் தேதி ஜீதா சிங்குக்கும் ஹர்பன்ஸ் சிங்குக்கும் தூக்கு என்று நாள் குறித்தாயிற்று. ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில், கூட்டாளி ஒருவனுக்குத் தண்டனை குறைந்திருக்கிறதே என்று மனுப் போட்டுத் தடை வாங்கினார். ஜீதா சிங் அப்படி மனுப் போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டுவிட்டார்கள். 1982-இல் உச்ச நீதிமன்றம், மூவரையும் ஒரே மாதிரி நடத்தியிருக்க வேண்டும் என்று கருதி, ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைப்பதற்கு வழி செய்தது. ஜீதா சிங்குக்கு அந்தத் தீர்ப்பை யார் போய்ச் சொல்வது?

இன்னொன்று மகாராஷ்டிரத்தில் நாசிக் மாவட்ட வழக்கு. 2003-இல் நடந்த கொடூரமான கொலைகளுக்காக நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு ஏழைகளுக்கு 2006-இல் மரண தண்டனை. உயர் நீதிமன்றம் மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அவர்களில் ஒருவர் குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வழக்கை மறுபடி திறந்து பார்த்தபோது, உயிர் தப்பிய சாட்சி முதலில் போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்ததும், அது மறைக்கப்பட்டதும் வெளியே வந்தது. 2019 மார்ச் 5-ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 16 ஆண்டுகள் போனது போனதுதான். ஆனாலும் ஆறு பேரும் சிறை வாசலைத் தாண்டி வெளியே நடந்து வர முடிந்தது. உண்மைக் குற்றவாளிகளோ தப்பித்துவிட்டார்கள். அவசரப்பட்ட நீதியால் இறந்தவர்களுக்கும் நியாயம் கிடைப்பதில்லை.

நம் தமிழ் மக்கள் எல்லோருக்கும் தெரிந்த வழக்கு ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இருபத்தாறில் பத்தொன்பது! அந்தக் கொலை எவ்வளவு கொடியது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கொடியது என்பதனாலேயே எல்லோரும் அவசரப்படுகிறோம்.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நாட்டில் மரண தண்டனை பெற்ற கைதிகளில் நான்கில் மூன்று பேர் மிகவும் ஏழைகள் என்று சொல்கிறது. கீழ்க் கோர்ட்டு விதிக்கும் மரண தண்டனைகளில் மேல் முறையீடுகள் எல்லாம் முடிந்த பிறகு நிலைப்பவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை என்றும் அதே ஆய்வு கூறுகிறது. எங்கள் பிரிவில் ஒரு கருவி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை மேலே போய்த் திருத்தப்பட வேண்டியிருந்தால் அதைப் பயன்பாட்டிலிருந்தே எடுத்துவிடுவோம்.

தனஞ்சயின் கடைசிக் கருணை மனுவை நிராகரித்தவர் நம் ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள். அந்தக் குற்றத்தில் தமக்குச் சந்தேகம் இல்லை என்றே அவர் பின்னால் எழுதினார். ஆனால், ஜனாதிபதி வேலையில் தமக்கு மிகக் கடினமாக இருந்தவற்றுள் ஒன்று மரண தண்டனைகளைப் பற்றி முடிவு செய்வது என்றும், தம் முன் நிலுவையில் இருந்த வழக்குகளை ஆராயச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் சமூக, பொருளாதாரப் பாரபட்சம் தெரிந்தது ஆச்சரியமாக இருந்தது என்றும் 2012-இல் வெளிவந்த தம் நூலில் சொல்லியிருக்கிறார். பிற்பாடு மத்திய சட்ட ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, மரண தண்டனை வேண்டாம் என்று சொன்னவர்களில் அவரும் ஒருவர். 2015 ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்த ஆணையம், பயங்கரவாதக் குற்றங்கள், நாட்டின் மேல் போர் தொடுத்தல் ஆகியவை தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தூக்கை நீக்கிவிடலாம் என்று பரிந்துரைத்தது. அதைப் பார்க்கக் கலாம் அவர்கள் இல்லை. ஒரு மாதம் முன்புதான் ஷில்லாங்கில் காலமானார். அவ்வளவு பெரியவரே தம் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வெட்கப்படவில்லை. நான் எம்மாத்திரம்?

தனஞ்சய் வழக்கிலும் கேள்விகள் ஓயவில்லை. நம் ஊரிலேயே உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பேராசிரியர்கள் வழக்கின் சாட்சியங்களை அலசி, பல ஐயங்களை எழுப்பிப் புத்தகமே எழுதினார்கள். அவர்கள் சொல்வது சரியா, நீதிமன்றம் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்று மட்டும் தெரியும். 2011-இல் சூரத்தில் ஏறக்குறைய இதே போன்ற ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கேயும் குற்றவாளி ஓர் அடுக்குமாடிக் காவலாளி. அவருடைய இளம் வயதையும், திருந்தும் வாய்ப்பையும் கருதித் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்கள். அளவுகோல் ஒன்றாக இருந்திருந்தால் தனஞ்சயும் இன்று சிறையில் இருந்திருப்பார். ஐயத்தை எழுப்புகிறவர்கள் அவரை நேரில் கேட்டிருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள்.

முதல் கேள்வி: உன் மகளுக்கு நடந்திருந்தால்? நடந்திருந்தால் நானே கொல்லப் பாய்ந்திருப்பேன். அதனால்தான் பெற்றவனை நீதிபதி நாற்காலியில் உட்கார வைப்பதில்லை. அந்தப் பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. குற்றம் நடந்த அன்றே ஒழுங்காகத் தடயம் சேகரிப்பது, இரண்டு ஆண்டுக்குள் வழக்கை முடிப்பது, குற்றவாளி எளிதில் வெளியே வர முடியாதபடி சிறையில் வைப்பது. ஆனால் நாம் கொடுத்தது என்ன? பதினான்கு ஆண்டுகள், ஒவ்வொரு தடை உத்தரவின்போதும், ஒவ்வொரு மனுவின்போதும் அவர்கள் புண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறினோம்.

இரண்டாவது கேள்வி: தூக்கு இல்லாவிட்டால் பயம் விட்டுப் போகாதா? இதற்கு என் சொந்த ஊரே பதில். நாகர்கோவில் அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1944-இல் மகாராஜா சித்திரைத் திருநாள் மரண தண்டனையை நீக்கினார். ‘பொன்னு தம்புரான் தூக்குமரத்தை எடுத்துவிட்டார்’ என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1950-இல் இந்தியச் சட்டம் வந்ததும் தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945-50 ஆண்டுகளில் அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு வந்த பிறகு அடுத்த ஐந்தாண்டில் 967. தூக்கு இல்லை என்று கொலை கூடவும் இல்லை. வந்தது என்று குறையவும் இல்லை.

மூன்றாவது, நம் தமிழ் அன்பர்கள் கேட்பது: வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே? சொல்லியிருக்கிறார், மறுக்கவில்லை. செங்கோன்மை அதிகாரத்தில், கொடிய கொலைகாரர்களை அரசன் தண்டிப்பதைப் பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். ஆனால் நம்மிடம் சிலப்பதிகாரமும் இருக்கிறது. பாண்டியனும் களை எடுப்பதாகத்தான் நினைத்தான். பொற்கொல்லன் சொன்னதைத் தீர விசாரிக்காமல், கோவலனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். கண்ணகி வந்து சிலம்பை உடைத்தாள். உள்ளே முத்து இல்லை, மாணிக்கம். பிடுங்கியது களை அல்ல, பயிர் என்று தெரிந்தது. தெரிந்து என்ன பயன்? திரும்ப நட முடியுமா? அந்த அரசன் சிம்மாசனத்திலிருந்து விழுந்து உயிரை விட்டான், மதுரை எரிந்தது. இன்றைக்கு யாரும் விழுவதில்லை. மனுவில் கையெழுத்துப் போட்ட நாங்களும் விழவில்லை. மறுநாள் ஆபீசுக்குப் போய்விட்டோம்.

நாட்டா மல்லிக் 2009-இல் இறந்தார். அவரைச் சிலர் வீரராகக் கொண்டாடினார்கள், சிலர் அருவருத்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது நம்முடைய வேலையை. நாம் கேட்டோம், நீதிமன்றம் சொன்னது, அந்தக் கிழவர் விசையை இழுத்தார். தனஞ்சயின் வீட்டார் உடலை வாங்கக்கூட வரவில்லை. குற்றம் எதுவும் செய்யாத அந்தக் குடும்பமும் அன்றோடு ஊருக்குள் தலை காட்ட முடியாமல் போயிற்று. ஒரு பெண்ணின் உயிருக்காகக் கேட்ட நீதி இத்தனை பேர் மேல் போய் விழுந்தது. அந்தப் பெண் மட்டும் திரும்பி வரவில்லை.

2024 ஆகஸ்டு மாதத்து வழக்குக்கு வருகிறேன். 2025 ஜனவரி 20-ஆம் தேதி சியால்தா நீதிமன்றம், இது அரிதினும் அரிதான வழக்கு என்ற வரம்பில் வராது என்று சொல்லி, சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. மகள் வங்கியிலிருந்தே போன் செய்தாள். “ஆயுள்தானாம்பா” என்றாள். குரலில் கோபம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், இவ்வளவு நாள் சொல்லாத அந்த மெயின்டெய்னர் கதையை அவளுக்கும் சொன்னேன். அறிக்கையை நான்தான் எழுதினேன் என்பதையும் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

“அதுவும் இதுவும் ஒண்ணாப்பா?” என்றாள்.

“ஒண்ணு இல்லை மக்களே. அது வேலை, இது உயிர். வேலையில தப்பினா திருப்பிக் கொடுக்கலாம். நான் கொடுத்தேன்.”

அவள் ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். அந்த ஊர்வல அட்டை இன்னமும் அவள் அலமாரியின் மேல்தான் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து பெண்கள் பயமில்லாமல் வீடு திரும்பும் வரை அது இருக்கட்டும் என்கிறாள். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. சற்று நேரம் கழித்து, “அந்தப் பையன் இப்ப என்ன செய்றான்?” என்று கேட்டாள். டீக்கடைப் பையனைத்தான் கேட்டாள். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை, அதே ஊரில் சொந்தமாக ஓட்டல் வைத்திருக்கிறான், நான் எழுதிக் கொடுத்த தாளை அவன் அப்பா கடைசி வரை பெட்டியில் வைத்திருந்தாராம் என்று சொன்னேன்.

வாசக அன்பர்களே, நீங்கள் என்னோடு ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இனி ஒரு கொடுமை நடக்கும்போது, யாராவது ஒரு மனுவை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். விசாரணை விரைவாக நடக்க வேண்டும், தடயம் அழியக் கூடாது, பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுங்கள். தூக்கு வேண்டும் என்று எழுதியிருந்தால், பேனாவை எடுக்குமுன் ஒரு நிமிடம், நாளைக்கு இது தவறு என்று தெரிந்தால் அந்த ஒரு வரியை யாரிடம் எழுதிக் கொடுப்போம் என்று யோசித்துப் பாருங்கள். 2004-இல் நான் யோசிக்கவில்லை.